மேட்ச் பார்க்கப் போகும் நாள்: சாப்பாடு, சுற்றல், திரும்பும் வழி

கல்லாவி, ஊத்தங்கரை, மத்தூர், போச்சம்பள்ளிப் பக்கத்து மக்களுக்குக் கோடையில் இரண்டு சீசன். ஒன்று மாங்காய், இன்னொன்று ஐ.பி.எல். மாங்காய் வீடு தேடி வரும். ஐ.பி.எல். பார்க்க நாம்தான் கிளம்ப வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு சின்னசாமி மைதானம். ஜோலார்பேட்டை வழியாகச் சென்னை சேப்பாக்கம். ஜூன், ஜூலையில் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) பார்க்க அரூர் வழியாக வாழப்பாடி. மூன்றும் நம் ஊரிலிருந்து எட்டக்கூடிய மைதானங்கள்தான்.

ஆட்டம் நான்கு மணி நேரம். ஆனால் அந்த நாள் விடியற்காலையில் தொடங்கி மறுநாள் விடியற்காலை வரை நீளும். நடுவில் மூன்று வேளைச் சாப்பாடு, கொளுத்தும் வெயில், இரண்டு மாநிலப் பேருந்துகள், கூட வரும் பிள்ளைகள், பெரியவர்கள். டிக்கெட் எடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை இவற்றில் காட்டினால் அந்த நாள் சுற்றுலாவாகும். காட்டாவிட்டால் பட்டினியும் அலைச்சலும்தான் மிச்சம்.

முதலில் திரும்பும் வழி

போகிற வழி எப்படியும் அமைந்துவிடும். பகல் நேரம், பஸ் உண்டு, உடம்பில் தெம்பும் உண்டு. திரும்பும் வழியில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். இரவு ஏழரை ஆட்டம் பதினொன்றே காலுக்கு முன் முடிவது அரிது. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். மைதானத்தை விட்டு நகரவே நள்ளிரவு நெருங்கிவிடும். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் போகும் பேருந்துகள் இரவிலும் ஓடுகின்றன. ஆனால் கிருஷ்ணகிரியில் இரண்டரை மணிக்கு இறங்கினால் அங்கிருந்து கல்லாவிக்கு வண்டி ஏது? விடிகிற வரை பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான்.

ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். எத்தனை மணிக்கு வீடு வந்து சேர வேண்டும், அதற்கு எந்த வண்டி, அந்த வண்டிக்கு எங்கே எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று எழுதிக்கொண்ட பிறகு டிக்கெட் வாங்குங்கள். இந்தக் கணக்கு மூன்று விதமாக முடியும்.

ஒன்று, சனி, ஞாயிறுகளில் சில நாள் வரும் பகல் மூன்றரை மணி ஆட்டம். ஏழே காலை ஒட்டி முடியும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். வெயில் கடுமை என்றாலும் இரவு பன்னிரண்டுக்குள் கிருஷ்ணகிரி திரும்பிவிடலாம்.

இரண்டு, இரவு ஆட்டம் பார்த்துவிட்டுப் பெங்களூரிலோ ஓசூரிலோ உறவினர் வீட்டில் தங்கி மறுநாள் காலை கிளம்புவது. கம்பெனி வேலைக்காக நம் ஊர்ப் பிள்ளைகள் தங்கியிருக்கும் அறை இல்லாத தெரு ஓசூரில் குறைவு. ஒரு பாயும் தலையணையும் கிடைக்காமல் போகாது.

மூன்று, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேன் பிடிப்பது. இரவே வீடு திரும்ப இதுதான் வழி. பேசும்போதே இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்நாடகாவுக்குள் நுழைய வாடகை வண்டிக்குத் தனியாகப் பர்மிட் வேண்டும். அந்தப் பணமும் சுங்கச்சாவடிப் பணமும் பேசிய வாடகையில் சேர்த்தியா, தனியா? பகல் முழுக்க ஓட்டிய டிரைவரே இரவும் ஓட்டப்போகிறாரா? அவர்தான் என்றால், நீங்கள் மைதானத்தில் இருக்கும் நேரத்தில் அவர் சாப்பிட்டுத் தூங்க இடம் ஏற்பாடு செய்யுங்கள்.

சொந்த பைக்கில் ஓசூர் வரை போய் நள்ளிரவில் திரும்புவதை மட்டும் நினைத்தும் பார்க்க வேண்டாம். தூக்கக் கலக்கத்தோடு லாரிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டிய சாலை அது.

பெங்களூரு: மஞ்சள் தடம் வந்த பிறகு

கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. நமக்குப் பெங்களூரு என்றால் பஸ்தான். திருவண்ணாமலையிலிருந்து பெங்களூரு போகும் பேருந்துகள் ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகின்றன. அதில் இடம் கிடைத்தால் இறங்கி ஏறும் வேலை இல்லை. கிடைக்காவிட்டால் கிருஷ்ணகிரியில் மாறிக்கொள்ளலாம்.

ஓசூர் தாண்டியதும் அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனதெல்லாம் முன்பு. 2025 ஆகஸ்ட்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தது. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம் "பொம்மசந்திரா மெட்ரோ ஸ்டாப்பிங்ல இறக்கி விடுங்கண்ணா" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அங்கே மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறினால் கப்பன் பூங்கா நிலையம். வெளியே வந்தால் எதிரே மைதானம். 2025 கட்டண உயர்வுக்குப் பிறகு மெட்ரோவின் உச்சக் கட்டணமே 90 ரூபாய்தான். சில்க் போர்டில் சிக்கி ஆட்டோவுக்குக் கொடுப்பதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

வீட்டுப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது ஒன்று. நம்மூர் டவுன் பஸ்ஸில் இருக்கும் மகளிர் இலவசப் பயணம் வெளியூர்ப் பேருந்துக்குச் செல்லாது. கர்நாடகாவின் சக்தித் திட்டமும் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும்தான். இரண்டு பக்கமும் முழு டிக்கெட் எடுக்கக் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தடத்தில் ஆர்.வி. ரோட்டுக்கும் மெஜஸ்டிக்குக்கும் நடுவே லால்பாக், நேஷனல் காலேஜ் என்று இரண்டு நிலையங்கள் வருகின்றன. பெங்களூரில் சாப்பிடவும் உலாவவும் வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றியே இருக்கிறது. நாம் போகும் வழியிலேயே இருப்பதால் தனியாக அலைய வேண்டாம்.

பகல் ஆட்ட நாள்: மதியம் லேசாக, இரவு நிறைவாக

மூன்றரை ஆட்டத்துக்கு ஒன்றரைக்குள் கேட்டருகே இருக்க வேண்டும். ஊரில் காலை ஐந்துக்குக் கிளம்புங்கள். கட்டுச்சோற்றைக் காலைப் பலகாரமாக ஓசூர் பஸ் ஸ்டாண்டிலேயே முடித்துவிடுங்கள். பெங்களூருப் பூங்காக்களில் வெளிச்சாப்பாட்டைப் பிரித்து உட்கார விடமாட்டார்கள், மைதானத்துக்குள்ளும் விடமாட்டார்கள்.

பதினோரு மணிவாக்கில் நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கினால் காந்தி பஜார் நடக்கிற தூரம். 1943 முதல் இருக்கும் வித்யார்த்தி பவனில் மசாலா தோசைக்குக் கூட்டம் நிற்கும். வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் நெய் மணக்க வரும். ஒரு தோசையும் ஒரு காபியும் போதும். வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்கு விடுமுறை. மற்ற நாளிலும் மதியத்துக்கு முன் மூடி, பிறகு திறப்பார்கள். வரிசை நீளமாக இருந்தால் பிடிவாதம் பிடிக்காமல் பக்கத்துத் தர்ஷினிக்குப் போய்விடுங்கள். 1980களில் ஜெயநகர்ப் பக்கம் தொடங்கிய, நின்றபடி சாப்பிடும் இந்தக் கடைகளில் டோக்கன் வாங்கி ஐந்தே நிமிடத்தில் இட்லி வடை முடிக்கலாம். வெயிலில் உட்காரப் போகும் வயிற்றுக்குப் பிரியாணி வேண்டாம். தண்ணீர் தாகமும் தூக்கமும் சேர்ந்து வரும். ஆட்டத்தைப் பார்க்க விடாது.

ஆட்டம் முடிந்த பிறகுதான் விருந்து. வந்த வழியே மெஜஸ்டிக் போய், பச்சைத் தடத்தில் மீண்டும் நேஷனல் காலேஜில் இறங்குங்கள். விஸ்வேஸ்வரபுரத்துச் சாப்பாட்டுத் தெரு அந்நேரம் களைகட்டியிருக்கும். மாலையில்தான் அந்தத் தெருவுக்கு விடிகிறது. அக்கி ரொட்டி, சுடச்சுடக் கல்லில் இருந்து எடுத்துத் தரும் ஒப்பட்டு, வெண்ணெய் தடவிய பன்னில் காரக் கடலை, குல்கந்து போட்ட ஐஸ்கிரீம். ஒருவருக்கு ஒரு தட்டு என்று வாங்காமல், ஒரு தட்டு வாங்கி நான்கு பேர் பகிர்ந்தால் தெரு முழுக்க ருசி பார்த்துவிடலாம். சாப்பிடும் இடம் தெருதான். உட்கார இடம் தேட வேண்டாம். முட்டி வலிக்காரர்களை மட்டும் முன்பே ஏதாவது ஓட்டலில் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்யுங்கள்.

ஒன்பதரைக்குள் மீண்டும் மெட்ரோ ஏறிவிட வேண்டும். மஞ்சள் தடம் தொடங்கியபோது 25 நிமிடத்துக்கு ஒரு ரயில்தான் இருந்தது. பிறகு இடைவெளி குறைந்தாலும், இரவில் ஒரு ரயிலை விட்டால் பொம்மசந்திராவில் பிடிக்க வேண்டிய பஸ்ஸும் தவறும்.

இரவு ஆட்ட நாள்: மதியம் நிறைவாக, இரவு லேசாக

ஏழரை ஆட்டம் என்றால் மேலே சொன்னதைத் தலைகீழாக்குங்கள். பகல் முழுவதும் நம்முடையது. ஆனால் இரவு பதினொன்றுக்கு மேல் நல்ல சாப்பாட்டை நம்பி இருக்க முடியாது. மதிய உணவைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு லால்பாக் நிலையத்தில் இறங்கி மேற்கு வாசல் வழியாகத் தோட்டத்துக்குள் போங்கள். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 240 ஏக்கர். 1889இல் எழுந்த கண்ணாடி மாளிகை, ஏரி, பிள்ளைகள் ஏறி விளையாடும் பெரிய பாறை. அந்தப் பாறையின் வயது முந்நூறு கோடி ஆண்டு என்று கணக்கிடுகிறார்கள். வெயில் ஏறும் முன் பாறையைப் பார்த்துவிட்டு மர நிழலுக்கு வந்துவிட வேண்டும். மே, ஜூனில் போனால் மாம்பழ மேளா நடக்கவும் வாய்ப்புண்டு. சந்தூர் மாங்கன்றும் காவேரிப்பட்டணத்து மாங்கூழும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே வாங்க ஒன்றும் இருக்காது. விலையை மட்டும் விசாரித்துப் பார்க்கலாம்.

தோட்டத்தின் பிரதான வாசல் பக்கம் வெளியே வந்தால் 1924இல் பிறந்த எம்.டி.ஆர். ஓட்டல். ரவா இட்லி இவர்கள் சமையலறையில்தான் பிறந்தது என்பார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் ரவையை வைத்துச் செய்து பார்த்தார்களாம். மதியச் சாப்பாடு வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பிசிபேளா பாத் வரும் வரை வயிற்றில் இடம் வையுங்கள். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஒரு மணி நேரம்கூட ஆகும். திங்கட்கிழமை விடுமுறை.

நான்கு மணிக்கு மெட்ரோவில் மகாத்மா காந்தி சாலை நிலையம். பக்கத்திலேயே சர்ச் தெரு. அங்கே இந்தியன் காபி ஹவுஸில் காபியும் கட்லெட்டும் சாப்பிட்டுக் கால் ஆற்றலாம். முன்பு மகாத்மா காந்தி சாலையிலேயே இருந்த கடை 2009இல் இங்கே இடம் மாறியது. செயின்ட் மார்க்ஸ் சாலையில் கோஷிஸ். 1940இல் தொடங்கியது, அசைவக்காரர்களுக்கு ஏற்றது, விலை சற்றுக் கூடுதல். இரண்டுமே அவசரப்படாத கடைகள். ஐந்தரைக்குள் பில் கொடுத்து எழுந்துவிட வேண்டும். மைதானம் நடக்கும் தூரம்தான். ஆட்ட நாளில் அந்தப் பக்கம் ஆட்டோ பிடிப்பது வீண்.

ஆட்டம் முடிந்து வரும்போது பசித்தால், நம்பத்தகுந்தது ஓசூர் தாண்டிச் சூளகிரிப் பக்கம் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் திறந்திருக்கும் கடைகள்தான். அங்கேயும் இட்லி, தோசை, ஆம்லெட் என்று முடித்துக்கொள்ளுங்கள்.

ஆட்ட நாளில் மெட்ரோ நிர்வாகம் கடைசி ரயிலை நீட்டித்து அறிவிப்பது வழக்கம். அந்த நீட்டிப்பு மஞ்சள் தடத்துக்கும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாந்திநகர் பஸ் நிலையம் போய்விட வேண்டும். தமிழ்நாட்டுப் பேருந்துகள் புறப்படும் இடம் அது. மைதானத்து வாசலில் ஆட்டோ கேட்காதீர்கள். கால் மணி நேரம் நடந்து தள்ளிப் போய்க் கேட்டால் வாடகை பாதியாகும்.

கட்டுச்சோறு

வீட்டிலிருந்து எடுத்துப் போகும் சாப்பாட்டைக் கோடை சோதிக்கும். புளிச்சோறு மாலை வரை தாங்கும். நல்லெண்ணெய் தாராளமாக இருக்கட்டும். எலுமிச்சைச் சோறு மதியம் வரை. தயிர்ச் சோற்றைப் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் விட்டு எடுத்துப் போனால் சாப்பிடும் நேரத்துக்குப் பக்குவமாக இருக்கும். தேங்காய்ச் சட்னி, முட்டை, பால் இனிப்பு மூன்றும் வேண்டாம். தொட்டுக்கொள்ள ஊறுகாய், வறுத்த நிலக்கடலை, வற்றல். சோறு ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். சூட்டோடு மூடியதுதான் முதலில் கெடும்.

கிளம்பும் முன் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ ஒரு சொம்பு மோரோடு குடித்துவிட்டால் பத்து மணி வரை பசி எடுக்காது, நாக்கும் வறளாது. வழியில் நுங்கும் இளநீரும் கிடைக்கும் இடமெல்லாம் நிறுத்தலாம். கலர் கலராக ஐஸ் போட்ட சர்பத்தைப் பிள்ளைகள் கேட்பார்கள். எந்தத் தண்ணீரில் உறைந்த ஐஸ் என்று தெரியாதபோது மறுத்துவிடுவதே நல்லது. மைதானத்தில் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டிய நாளில் வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது?

மைதானத்துக்குள்

பை, தண்ணீர் பாட்டில், குடை, பவர் பேங்க், லைட்டர், வெளிச்சாப்பாடு இவற்றை உள்ளே விடமாட்டார்கள். சில்லறைக் காசையும் வாங்கிப் போட்டுவிடுவார்கள். வாசலில் பொருள் வைக்கும் இடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பையே எடுக்காமல் போவதுதான் வழி. தொப்பி, கைக்குட்டை, செல்போன், அடையாள அட்டை, நோட்டாகக் கொஞ்சம் பணம் இவ்வளவு போதும். டிக்கெட் செல்போனில் இருந்தால் காலையிலேயே படம் பிடித்து வையுங்கள். கூட்டத்தில் சிக்னல் கிடைக்காது. பகலெல்லாம் வீடியோ பார்த்து சார்ஜை ஒழித்துவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு சேர்த்து எடுத்துப் போங்கள்.

2025 சீசனில் சின்னசாமியில் மலிவான டிக்கெட்டே இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியது. உள்ளே சாப்பாட்டு விலையும் அதே தோரணையில்தான் இருக்கும். நான்கு பேர் குடும்பம் உள்ளே வயிறு நிறையச் சாப்பிட நினைத்தால் இன்னொரு டிக்கெட் காசு ஆகிவிடும். வெளியே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே தண்ணீர் மட்டும், பிள்ளைகளுக்கு ஒரு பாப்கார்ன். வாங்கப் போகும் நேரமும் முக்கியம். இன்னிங்ஸ் இடைவேளையில் எல்லாரும் எழுந்து போவார்கள்; அந்த இருபது நிமிடமும் வரிசையிலேயே கழியும். பதினொன்று, பன்னிரண்டாவது ஓவரில் எழுந்து போனால் கடையும் கழிப்பறையும் காலியாக இருக்கும். இரண்டு மூன்று பவுண்டரி தவறும், பரவாயில்லை.

மழை

ஏப்ரல், மே மாலைகளில் பெங்களூரில் திடீரென்று இடி மழை கொட்டும். 2025 மே 17 அன்று பெங்களூரு–கொல்கத்தா ஆட்டத்தில் டாஸ்கூடப் போட முடியவில்லை. அதற்கடுத்து மே 23 அன்று நடக்கவிருந்த ஐதராபாத் ஆட்டத்தை மழை அறிவிப்பைப் பார்த்து லக்னோவுக்கே மாற்றினார்கள். சின்னசாமித் தரைக்கு அடியில் தண்ணீரை உறிஞ்சும் இயந்திர அமைப்பு உண்டு. மழை விட்டால் சீக்கிரம் ஆட்டம் தொடங்கும், விடாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டம் ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பும். அந்த மே 17 ஆட்டத்துக்கும் திருப்பினார்கள். பஸ் காசும் வேன் வாடகையும் போனது போனதுதான். டிக்கெட் பணமாவது திரும்ப வர, டிக்கெட்டைச் செல்போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். நனைந்தால் மாற்ற ஒரு செட் துணி வேனில் இருக்கட்டும்.

வாழப்பாடி: காசு குறைவு, அலைச்சலும் குறைவு

ஐ.பி.எல். டிக்கெட் எட்டாதவர்களுக்கும், பிள்ளைகளை முதன்முதலாக மைதானத்துக்கு அழைத்துப் போகிறவர்களுக்கும் வாழப்பாடியைச் சொல்வேன். சேலம் கிரிக்கெட் பவுண்டேஷனின் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2016இல் தொடங்கிய டி.என்.பி.எல். ஆட்டங்கள் சில இங்கே நடக்கின்றன. ஐ.பி.எல்.லில் பேர் வாங்கிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளை வேலிக்கு அருகே நின்று பார்க்கலாம்.

ஊத்தங்கரை, அரூர், மஞ்சவாடிக் கணவாய், அயோத்தியாப்பட்டணம். அங்கே இடது கைப்பக்கம் ஆத்தூர்ச் சாலையில் திரும்பினால் வாழப்பாடி. சேலம் நகருக்குள் போகவே வேண்டாம். காலையில் கிளம்பினால் அரூருக்குப் பக்கத்தில் தீர்த்தமலை ஏறி இறங்கலாம். கால் வலிக்கும் என்றால் ஏற்காடு. சேலத்திலிருந்து ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுப் பாதையோடு, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துக் குப்பனூர் வழியாகவும் ஒரு மலைப்பாதை உண்டு. ஏரியில் படகு, பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் பார்த்து மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினால் மாலை மைதானம். இருட்டிய பிறகு அந்த மலைப்பாதையில் இறங்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

சேலம் பக்கம் வந்தவர் தட்டுவடை செட் சாப்பிடாமல் திரும்பினால் கணக்கில் சேராது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி. ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்து மீதியைக் கையில் வைத்தால் சட்னி சட்டையில் வழியும். தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட், நொறுக்கிக் கலந்தால் நொறுக்கல். மாங்காய் சீசனில் மாங்காய் செட்டும் உண்டு. மாலை நான்கு மணிக்கு மேல்தான் வண்டிகள் வரும். ஐந்து பேர் வயிறாரச் சாப்பிட்டாலும் சின்னசாமியில் ஒருவர் சாப்பிடும் காசு ஆகாது.

சேப்பாக்கம்

சென்னைக்குப் போய் ஒரே நாளில் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சாமல்பட்டியில் பாசஞ்சர் பிடித்து ஜோலார்பேட்டையில் எக்ஸ்பிரஸ் மாறினாலும், மொரப்பூரில் ஏறினாலும், அங்கே ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் மைதானம் நடக்கிற தூரம். 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற மைதானம் அது. திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி காலைக்கு. சேப்பாக்கம் நாயர் மெஸ்ஸில் மீன் சாப்பாடு மதியத்துக்கு. மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் மாலைக்கு. மூன்றும் மைதானத்தைச் சுற்றியே உண்டு. ஐ.பி.எல். டிக்கெட்டைக் காட்டினால் மாநகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் இலவசமாகப் போகும் ஏற்பாட்டைச் சில சீசன்களில் செய்திருக்கிறார்கள். உங்கள் ஆட்டத்துக்கு உண்டா என்று டிக்கெட்டிலேயே பாருங்கள்.

டிக்கெட் கிடைக்காவிட்டால்

கள்ள விலைக்கு வாங்காதீர்கள். ஒரே டிக்கெட்டின் படத்தை நான்கு பேருக்கு விற்றுவிடுவார்கள். முதலில் நுழைகிறவருக்குத்தான் கேட் திறக்கும். மற்ற மூவரும் காசு கொடுத்தும் வெளியேதான். அந்தப் பணத்தில் குடும்பத்தோடு கிருஷ்ணகிரி அணைக்குப் போகலாம். தென்பெண்ணைக் கரையில் அணை மீனை மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள். ஜூன் என்றால் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி. அல்போன்சா, செந்தூரா, பீத்தர், மல்கோவா, இமாம் பசந்த் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். ஞாயிறாக இருந்தால் போகும்போதே போச்சம்பள்ளிச் சந்தை. மாலை ஆறுக்கு வீட்டுக்கு வந்து டி.வி. போட்டால் ஏழரை ஆட்டத்தின் ஒரு பந்துகூடத் தவறாது.

கூட்டம்

2025 ஜூன் 3 அன்று பெங்களூரு அணி பதினெட்டாவது சீசனில் முதல் ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி மைதானத்தில் பாராட்டு விழா. கேட்களுக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த ஆண்டு மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்களைப் பெங்களூரிலிருந்து நவி மும்பைக்கு மாற்றினார்கள். ஆகவே ஒவ்வொரு சீசனிலும் அட்டவணை வந்ததும் ஆட்டம் எந்த ஊரில் என்பதை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே வண்டி பேசுங்கள்.

டிக்கெட் இல்லாமல், இலவச அனுமதி என்ற பேச்சை நம்பி எந்த விழாவுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். வாசலில் நெருக்கம் தொடங்கி, கையை மார்பருகே தூக்க முடியவில்லை என்றால் முன்னே போகாதீர்கள். தள்ளுக்கு எதிராக நிற்காமல் பக்கவாட்டில் ஓரமாக நகர்ந்து வெளியே வாருங்கள். கீழே விழுந்த செருப்பையும் செல்போனையும் குனிந்து எடுக்கக் கூடாது. பிள்ளை தோளில் இருக்கட்டும். அதன் சட்டைப் பையில் உங்கள் செல்போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். பிரிந்து போனால் சந்திக்கும் இடத்தை மெட்ரோ இறங்கியதுமே எல்லாருக்கும் காட்டி வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் முண்டியடிக்காமல் இருக்கையிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்து எழுந்தால் வழி தானே விடும்.

இவ்வளவு செய்தும் கேட்டருகே கூட்டம் பயமுறுத்தினால் திரும்பிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும், அடுத்த ஆண்டும் ஐ.பி.எல். வரும். கூட வந்தவர்கள் அத்தனை பேரையும் வீடு கொண்டு சேர்ப்பதுதான் அன்றைக்கு உங்கள் வேலை.